சேற்றுக்குள் கிடந்த நீல வலை

ஆனி 4, செவ்வாய்

கச்சான் காற்று. வாவி வற்றிக் கிடக்கிறது, இறங்கினால் இடுப்பளவு. முழங்காலுக்குப் பூசும் எண்ணெய் முடிந்தது, மகள் பத்மாவிடம் சொல்ல வேண்டும்.

வந்தாறுமூலைக் கெம்பஸிலிருந்து றிஸ்னா மிஸ் வந்தார். இரசாயனம் படிப்பிக்கிறவர், ஊர் காத்தான்குடி. வாவிக்குள் தொலைந்து போன நைலோன் வலைகள் வேண்டுமாம். தொலைந்த வலைக்கும் ஆள் தேடி வருகிற காலம்.

விளங்கின மட்டும் எழுதுகிறேன். (எழுத்துக் கூட்டப் பழகியது ஐம்பது வயதில், அகதி முகாமில். பிழை இருக்கும்.) நைலோன் என்றால் ஒரே மாதிரி மணிகள் கோத்த நீள மாலையாம். சும்மா உருக்கி வார்த்தால் தரம் கெட்டுவிடும். இப்போது வெளிநாடுகளில் ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். கொஞ்சம் போட்டுச் சூடாக்கினால் மாலை அறுந்து மணி மணியாகப் பிரிகிறது. மணியைத் திரும்பக் கோத்தால் புது நூல். வேலை முடிந்த பிறகும் மருந்து அப்படியே மிஞ்சும்.

"நான் வாசிச்ச ஆராய்ச்சியெல்லாம் அவ்வளவு பழசில்லாத வலையிலதான் ஐயா. முப்பது வருசம் உப்புத் தண்ணியிலயும் சேத்துலயும் ஊறினதும் அப்பிடிப் பிரியுமா? அதத்தான் பாக்கப் போறம்."

சொன்ன இடங்கள்:
பாலத்தடி, என் வலை, 6 வருடம்.
கண்டல் மூலை, கந்தையாவின் நண்டு வலை, 11 வ.
துறைக்கு நேரே, யாருடையதோ, 14 வ.

"இதெல்லாம் எங்க எழுதி வெச்சிரிக்கீங்க ஐயா?"

தலையைத் தொட்டுக் காட்டினேன். சிரித்தார்.

"முப்பது வருசத்து வலை ஒண்டு?"

"இல்ல மகள்."

இருக்கிறது.

ஆனி 5, புதன்

என்னதும் கந்தையாவினதும், இரண்டு வலை எடுத்தோம். நாற்றம். தோணி தள்ளியது பக்கத்து வீட்டுச் செல்வம். வாய்க்காரன். "ஐயா, இந்த வலையில மீன விட உங்கட காலுதான் கூட அம்பிட்டிரிக்கும் போல!" பத்மாவுக்குக் கோபம். "ஊர்க் குப்பையெல்லாம் எண்ட முத்தத்துல காயுது. இதுக்கு ஆராய்ச்சி எண்டு பேர்."

மிஸ் ஒவ்வொரு வலைக்கும் ஒரு கடதாசித் துண்டு கட்டுகிறார்: யாருடையது, எந்த வருடம் வாங்கியது, எப்படித் தொலைந்தது. மூன்றும் தெரியாவிட்டால் முடிவை நம்ப ஏலாதாம். அவருடைய தாளில் கடைசி வரி வெறுமை. மிகப் பழையது என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை உலையில் வைக்கிறார்கள்.

அந்த வெற்று வரியைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். அவருக்குப் பொய் சொன்னேன். தேவையில்லாத பொய் என்று சொல்ல ஏலாது. எனக்குத் தேவையாக இருந்தது.

ஆனி 6, வியாழன்

காற்று இன்னும் விழவில்லை. தோணி போகவில்லை. முழங்கால் வீக்கம். எழுதி விடுகிறேன்.

முப்பத்தொரு வருடம். தம்பி சிவலிங்கம் புதிதாக நீல நைலோன் வலை வாங்கினான். துறையில் அப்படி ஒரு நீலம் யாரும் கண்டதில்லை. என் இறால் கட்டுக்கு நேர் முன்னால் கொண்டுபோய்ப் போட்டான். எனக்கு ஒரு இறால் வராது. கேட்டேன்.

"வாவி என்ன உண்ட அப்பன்ட சொத்தா?" என்றான்.

அவன் அப்பன்தான் என் அப்பனும். அது அப்போது சிரிப்பாக இல்லை.

நடுப்பகல். கரையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், மேல் கயிற்றைக் கத்தியால் அறுத்தேன். வலையைச் சுருட்டிக் கல்லுக் கட்டி இறக்கினேன். ஒற்றைப் பனையும் சேர்ச் கோபுரமும் ஒரே நேரில் வரும் இடம்.

இதோடு நின்றிருந்தால் அண்ணன் தம்பிச் சண்டை. ஏறாவூரிலிருந்து மீன் எடுக்க வரும் காசிம் காக்காவின் சைக்கிள் அன்று கரையில் நின்றது. தம்பி வீட்டில் சோறு தின்கிற மனிதன். தம்பியின் மூத்த பிள்ளைக்கு முதல் சட்டை வாங்கிக் கொடுத்தவன். பின்னேரம் வலையைக் காணவில்லை என்று, துறையில் அத்தனை பேர் நிற்கத் தம்பி அவனைக் கள்ளன் என்றான். "உங்கட ஆக்களே இப்பிடித்தான்" என்றும் சொன்னான். காசிம் என்னைப் பார்த்தான். நான் குனிந்து என் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். சிக்கே இல்லாத வலை.

காசிம் பிறகு எங்கள் துறைக்கு வரவில்லை. தம்பியும் மாங்கேணிக்குப் போய்க் கடல் தொழில். காசிம் மௌத்து, நாளை அடக்கம் என்று செய்தி வந்தது. நான் போகவில்லை. வயிற்றுவலி என்று வீட்டில் சொன்னேன்.

ஆனி 7, வெள்ளி

காலையில் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "வாங்க மகள், ஒண்டு கிடக்கு."

பனை இப்போது இல்லை. பனை நின்ற இடம் எனக்குத் தெரியும். செல்வம் மூன்றாம் தரம் முக்குளித்து ஒரு நுனியைப் பிடித்தான். இழுக்க இழுக்கச் சேறு, சிப்பி, நண்டு. தண்ணீரில் அலம்பினோம். நீலம். கொஞ்சம் வெளிறிப் போயிருந்தது, வேறொன்றும் இல்லை. நான் அழிந்து போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். அழிந்து போயிருக்க வேண்டும் என்று.

மிஸ்ஸுக்குச் சந்தோசம் சொல்லி முடியாது. துண்டை எடுத்தார்.

"யார்ட வலை ஐயா?"

"எண்ட தம்பிட."

"எப்பிடித் தொலைஞ்ச?"

"தொலையல்ல. நான்தான் அறுத்துத் தாட்ட."

செல்வத்தின் வாய் அடைத்ததை இன்றுதான் கண்டேன். மிஸ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி. "அத எழுதத் தேவையில்ல ஐயா. மூழ்கின எண்டு போடுறன்."

"இல்ல மகள். அப்பிடியே எழுதுங்க."

எழுதினார். கேட்டு, அந்த வலையில் ஒரு முழத் துண்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனி 8, சனி

மாங்கேணி. பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. தம்பி தென்னைக்குக் கீழே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். அவனுக்கும் பல் போய்விட்டது.

"என்னகா அண்ண, வழி தெரியாம வந்திட்டியா?"

நீலத் துண்டை அவன் மடியில் போட்டேன். நூலை விரலால் நெருடிப் பார்த்தான். கேட்கத் தேவை இருக்கவில்லை. நான் சொன்னேன், முழுவதும்.

பொத்துகிற ஊசியைத் தென்னையில் குத்தினான். பிறகு, "நீ அவடத்தத்தானே இரிந்த."

"ஓம்."

"நான் காசிம அப்பிடிப் பேசக்குள்ள நீ இரிந்த."

"ஓம்."

"வலை போனாப் போகுது. எண்ட வாயால பேச வெச்சியே."

அவன் மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தாள். "வேணா, அவர் போகப் போறார்" என்றான். வந்துவிட்டேன்.

ஆனி 12, புதன்

சனிக்கிழமையிலிருந்து தம்பி போன் எடுக்கவில்லை. முழங்காலுக்குப் புது எண்ணெய், நெடி.

காலையில் மிஸ் போன். நீல வலையும் பிரிந்துவிட்டதாம். உப்பையும் சேற்றையும் கழுவினது போக, கிட்டத்தட்ட மற்ற வலைகள் மாதிரியேதானாம். "உங்களால ஐயா!" என்றார். சந்தோசப்படத்தான் பார்த்தேன்.

பத்து மணி போல் தம்பி. படலைக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை. "வெளிக்கிடு. ஏறாவூருக்குப் போவம். என்னட்டச் சொல்லி என்ன?"

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. காசிமின் மகன் சாமான் கடை வைத்திருக்கிறான், தகப்பனின் அதே நெற்றி. கடை வாசலில் தம்பி ஒதுங்கினான். "நீ முன்னால போ."

போய்ச் சொன்னேன். தராசைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"வாப்பா மௌத்தாகு மட்டும் ஒரே கததான்" என்றான். "சிவலிங்கத்துட அண்ணன் நல்ல மனிசன், அண்டைக்கு அவடத்த இரிந்தவர், காசிம் எடுக்கல்ல எண்டு ஒருநாளைக்கு வந்து சொல்லுவார் எண்டு. நாங்க சிரிக்கிற."

முக்காலி எடுத்துப் போட்டான். தேத்தண்ணி வந்தது. தம்பி குடித்தான். நான் கோப்பையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.