கடலுக்கும் கோர்ட்டுக்கும் ஒரே மாதம் லீவு

இன்று காலை ஆபீசுக்குப் போகும்போது பஸ் காசிமேட்டைத் தாண்டியது. ஜன்னல் வழியே குப்பென்று பெயிண்ட் வாசனை. மீன் நாற்றம், டீசல் புகை எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு புதுப் பெயிண்ட் வாசனை. பக்கத்துச் சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு நீ ஞாபகத்துக்கு வந்துவிட்டாய். தடைக்காலம் தொடங்கிவிட்டதடி. விசைப்படகெல்லாம் கரை ஏறிவிட்டது, இனி இரண்டு மாதம் கடலுக்குப் போக முடியாது, மராமத்து வேலைதான். இந்த வாசனை வந்தால் ஊருக்கெல்லாம் கைச்செலவுக்குத் திண்டாட்டம் என்று அர்த்தம். உனக்கு மட்டும், சாட்சி கரையில் இருக்கிறான் என்று அர்த்தம்.

நாம் இரண்டு பேரும் ராயபுரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் மாதா கோயில் பக்கத்துப் பெண், நீ குப்பத்துப் பெண். நான் படித்துப் பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் நாற்காலி தேய்க்கப் போனேன், நீ மீன் கூடையைத் தூக்கினாய். "ஒனக்கு ஃபேன் காத்து, எனக்குக் கடல் காத்து. யார்டீ பணக்காரி?" என்று கேட்டுக் கேட்டு என் வாயை அடைப்பாய். என் ஆபீசும் கோர்ட்டும் கூப்பிடு தூரத்தில் இருந்தது பிற்பாடு நமக்கு இப்படி உதவும் என்று யார் கண்டார்கள்?

உன் பெண் பவானிக்கு அப்போது ஏழு வயது. பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. ஆடி மாதம், கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. உன் கம்மலைக் கழற்றி அவள் காதில் போட்டு, தலை வாரி, பாவாடை கட்டி, "தோ பாருடி, கல்யாணப் பொண்ணு" என்று என் முன்னால் நிறுத்தினாய். சாயங்காலம் அவளைக் காணவில்லை. மறுநாள் கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கல்லுக்கு நடுவில் கண்டெடுத்தார்கள். காதில் கம்மல் இல்லை.

அவன் பெயரை நீ கடைசிவரை வாயால் சொன்னதில்லை. நானும் எழுதப் போவதில்லை. உன் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவன், அவ்வளவு போதும். கம்மல் ஒரு அடகுக் கடையில் கிடைத்தது. அடகு வைத்தது அவன்தான். கல்லுக்கிடையில் கிடந்தது, எடுத்தேன் என்றான். கூசாமல் சொன்னான். அவனைப் பிள்ளையோடு பார்த்த ஆள் வேண்டும் என்றார் சர்க்கார் வக்கீல். பார்த்தவன் ஒரே ஒருவன்தான் இருந்தான். விசைப்படகில் வேலை செய்யும் ஏழுமலை. கரைக்கு வந்ததும் படகு ஆட்களிடம் அவன் சொல்லித்தான் போலீசுக்கே தெரிந்தது.

இதற்கு நடுவில் ஊர் வாய் சும்மா இருந்ததா? "பொம்பளப் புள்ளைய இப்டியா வுடுவா? அதுதான் இன்னா புள்ள, அம்மாக்காரிகிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஓடிச்சு?" என்று உன் காதில் விழும்படியே பேசினார்கள். உன்னைச் சொன்னால் நீ பதில் கொடுத்துவிடுவாய், அதற்கு உனக்குத் தெம்பு இருந்தது. பவானியைச் சொன்னால் மட்டும் மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாய். சொல்லாமல் போனாளா என்ற கேள்வி உன்னை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கம்மல் போட்டுவிட்டதைக்கூட ஒரு நாள் அழுது தீர்த்தாய். அந்தக் கேள்வியை மட்டும் என்னால் ஆற்ற முடியவில்லை.

கேஸ் விசாரணைக்கு வந்தது. சம்மன் போனபோதெல்லாம் ஏழுமலை கடலில் இருந்தான். போட்டில் ஏறினால் பத்து நாள், பதினைந்து நாள். கரைக்கு வந்து மீன் இறக்கி, ஐஸ் ஏற்றி, மறுபடி கிளம்பிவிடுவான். "சாட்சி வரவில்லை" என்பார்கள், வாய்தா போடுவார்கள், நாம் பஸ் ஏறுவோம். நீ கோர்ட்டு வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, போகிற கறுப்புக் கோட்டுகளையெல்லாம் பார்த்து, "இவனுங்க எல்லாம் காக்கா மாரி எங்கடி பறந்துகினு கீறானுங்க?" என்பாய். சிரிக்கக் கூடாத இடத்தில் நான் சிரித்துத் தொலைப்பேன்.

ஒரு தடவை உனக்குப் பொறுமை போய்விட்டது. வக்கீல் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து கைகூப்பி, "ஐயா, மே மாசம் போடுங்க. போட்டெல்லாம் கட்டிப்போட்டுருப்பாங்க, அவனை நானே இஸ்துகினு வந்து நிறுத்துறேன்" என்றாய். எப்பேர்ப்பட்ட வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று முகத்தில் பெருமை. கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். மே மாதம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. கடல் எப்போது மூடும் என்பது உனக்கு மனப்பாடம், கோர்ட்டு மூடுவது தெரியாது. ஆபீசில் காலண்டருக்குக் கீழேயே உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை. "கடலுக்கு லீவு வுடுற மாசமே இவங்களும் வூட்டுக்குப் போய்ட்டா நாம்ப எங்கடி போறது?" என்று நீ கேட்டபோது உன் குரல் உடைந்திருந்தது. ஏப்ரல் பாதியில் தடை வரும், மே மாதம் கோர்ட்டு மூடும். நடுவில் இருக்கும் கொஞ்ச நாளைத்தான் நாம் பிடித்திருக்க வேண்டும். அந்த வருஷத்து ஏப்ரல் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது.

மீதி வருஷத்தில் சமாதானம் பேச நாலு பெரிய மனுஷர்கள் உன் வீட்டுக்கு வந்தார்கள். போன உயிர் திரும்பியா வரப்போகிறது, எதற்கு அலைச்சல் என்றார்கள். ஊர் விஷயம் ஊரோடு முடியணும், அதுதான் நம் வழக்கம் என்றார்கள். நீ எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாய். அவர்கள் குடித்து முடித்தார்கள். அப்புறம், "எம் பொண்ணு ஊர் விஷயம் இல்ல நைனா, எம் பொண்ணு. டம்ளர வெச்சுட்டுக் கெளம்புங்க" என்றாய். அதன் பிறகு ஏலத்தில் உனக்கு நல்ல மீன் விடமாட்டார்கள். நீ பொடி மீன் விற்றாய். மூன்று மாதம் உன் வீட்டு விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. என்னிடம்கூட அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அடுத்த ஏப்ரலில் தேதி சரியாக விழுந்தது. ஏழுமலை வந்தான். படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவனை அப்படியே அழைத்து வந்திருந்தார்கள் போல, முழங்கைவரை நீலம். கூண்டில் ஏறியவன் உன் பக்கமே பார்க்கவில்லை. அந்த ஆள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கல் பக்கம் போனதைப் பார்த்தேன் என்றான். அடையாளம் காட்டினான். குழந்தை அழுததா என்று கேட்டார்கள்.

"இல்ல சார். ஐஸ் வாங்கித் தரேன்னு கூட்டுகினு போனான். சிரிச்சிகினுதான் போச்சு."

அதோடு இறங்கியிருக்கலாம். இறங்காமல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார்.

"பாப்பா எங்கைல ஒண்ணு சொல்லிச்சுங்கய்யா. 'மாமா, நான் ஐஸ் வாங்கப் போறேன்னு எங்கம்மா கைல சொல்லிடு'ன்னு சொல்லிச்சு. நானும் சரின்னேன். போட்டு கெளம்புது வாடான்னு ஆளுங்க கூப்ட்டாங்க, ஏறிட்டேன். திரும்பி வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சு போய்கீது. அந்தம்மா கைல நான் சொல்லவே இல்ல. எந்த மூஞ்சிய வெச்சுகினு வருவேன்?"

என் மணிக்கட்டை நீ பிடித்திருந்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. நீ அழவில்லை. நான்தான் அழுதேன். அவன் வராமல் இருந்ததற்குக் கடல் மட்டும் காரணம் இல்லை என்று அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

வெளியே வராந்தாவில் ஏழுமலை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான். நீ நேரே அவனிடம் போனாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன், உன் கை நீளம் எனக்குத் தெரியும். நீ உன் தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினாய். "இப்போ சொல்ட்ட இல்ல? எனக்குச் சேந்துட்ச்சு. குடி. குடிச்சுட்டுப் போய் வேலையப் பாரு" என்றாய். அவன் உன் காலில் விழப் பார்த்தான், நீ விடவில்லை. பஸ்ஸில் வரும்போது, வண்ணாரப்பேட்டை தாண்டியதும், திடீரென்று என் பக்கம் திரும்பி, "பாத்தியா, எங்கைல சொல்லாம எங்கியும் போவமாட்டாடி அவ" என்றாய். பவானி போன பிறகு உன் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. எப்பேர்ப்பட்ட சிரிப்பு அது, பாவி.

ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அவன் அப்பீல் போனான். மறுபடி வாய்தா, மறுபடி பஸ். அப்பீலுக்கு நீ வர வேண்டிய அவசியமே இல்லை என்று எத்தனை பேர் சொன்னார்கள், கேட்டாயா? "நான் இல்லன்னா அவங்களுக்கு மறந்துபூடும்" என்றாய். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, அதோடு வந்தாய். கடைசியில் படியேற முடியாமல் போனபோது, கீழே நின்றுகொண்டு என்னை மட்டும் மேலே அனுப்பினாய். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் நீ இல்லை.

போன மாதம் அப்பீலைத் தள்ளிவிட்டார்களடி. தண்டனை உறுதி. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் படபடவென்று படியிறங்கி வந்தேன், உன்னிடம் சொல்ல. கீழ்ப்படியில் நின்றபோதுதான் நினைவு வந்தது. அங்கே யாரோ ஒரு பெண்பிள்ளை டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமாவது சொல்லலாமா என்று இருந்தது. ஆபீசுக்குப் போய்விட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நீ சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "கேசு பத்திப் பேசாதடி. அவளப் பத்தி எதனா சொல்லு." நான் வாயைத் திறந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. போலீசுக்கு, வக்கீலுக்கு, பேப்பர்காரனுக்கு என்று அந்த ஒரு நாளையே சொல்லிச் சொல்லி மற்ற நாளெல்லாம் எங்கேயோ அடியில் போய்விட்டிருந்தது. துழாவித் துழாவித்தான் எடுத்தேன். உன் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கிளிஞ்சலைப் பரப்பி, "வஞ்சரம் ஆண்டி, வஞ்சரம்" என்று அவள் என்னிடம் வியாபாரம் பண்ணுவாளே, அதைச் சொன்னேன். நான் வேண்டுமென்றே பேரம் பேசுவேன். இடுப்பில் கை வைத்து, "கட்டாது ஆண்டி, வேற கடை பாத்துக்கோ" என்பாள். அப்படியே உன் குரல். நீ சிரித்துச் சிரித்து இருமினாய். நர்ஸ் வந்து திட்டினாள். அவள் போனதும் என் முந்தானையை இழுத்து, "அப்பறம்?" என்றாய். மறுநாள் இன்னொன்று சொன்னேன். நீ போகும்வரை தினம் ஒன்று.

அந்தப் பழக்கம் எனக்கு விடவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் ஒன்று ஞாபகம் வந்தது. மழையில் நனைந்த நாய்க்குட்டியை உன் புதுப் புடவையில் சுற்றி வைத்துவிட்டு, நீ விளக்குமாற்றைத் தூக்கியதும் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வந்து ஒளிந்தாளே, அது. உதடு அசையச் சொல்லிக்கொண்டே வந்தேன் போலிருக்கிறது, பக்கத்துச் சீட்டுப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். கோர்ட்டு பவானியுடைய ஒரு சாயங்காலத்தை மட்டும்தான் கேட்டது, மீதி ஏழு வருஷமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எல்லாம் சொல்கிறேன், ஒன்றுவிடாமல் சொல்கிறேன். "அப்பறம்?" என்று கேட்கத்தான் நீ இல்லை.