மொட்டையும் கறுப்புக் கண்ணாடியும்

மோதி பாக், புது டெல்லி
11.2.2024

அன்புத் தங்கை அபிராமிக்கு,

நீயும் மச்சானும் சுகம்தானே? தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல என்னால் முடியாது.

போன மாதம் மகள் கவிப்ரியா கல்யாணத்தில் மண்டபத்துக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். "என்னண்ணே, டெல்லி ஸ்டைலா?" என்று கேலி செய்தாய். கண்வலி என்றேன். பொய். செப்டம்பரில் ஒரு காலை என் இடது இமை தானாக இறங்கி மூடிக்கொண்டது. மூளை ரத்தக்குழாயில் ஓர் இடம் மெலிந்து கொப்புளமாக உப்பி, கண் நரம்பை அழுத்துகிறதாம். அனியூரிசம் என்றார்கள். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. தொடை வழியாகக் குழாய் விட்டு, கம்பிச்சுருள் வைத்து அடைத்தார்கள். இமை மட்டும் இன்னும் திறக்கவில்லை. உன்னிடமும், நொய்டாவில் தங்கி வேலை பார்த்த கவிப்ரியாவிடமும் கௌஹாத்தி டூர் என்று சொன்னது அந்தப் பன்னிரண்டு நாளைத்தான்.

அம்மா போனதும் இதில்தான், மாரடைப்பில் இல்லை. டாக்டர் சொன்னபோது அப்பாவோடு நான் நின்றேன். உனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "மண்டையில நோவுன்னா பொண்ணு எடுக்க யோசிப்பாய்ங்க. நெஞ்சுவலின்னே சொல்லுடா" என்றார் அப்பா.

அம்மாவுக்கும் எனக்கும் வந்ததால் கூடப் பிறந்தவளையும் பார்க்கச் சொன்னார் டாக்டர். கவிப்ரியா கல்யாணம் முடியட்டும் என்று ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்கு பிரஷர் வேறு. வெட்கமாக இருக்கிறது ஆத்தா. இந்த வாரமே ஸ்கேன் எடுத்துவிடு. அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அண்ணன்
அழகர்சாமி

மதுரை
19.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். எனக்கு ஸ்கேன் தேவையில்லை. 2022-லேயே எடுத்தாயிற்று.

ஸ்கூட்டியிலிருந்து விழுந்தேனே, அப்போது தலையைப் படம் எடுத்தார்கள். அடிபட்டதில் ஒன்றுமில்லை, வேறொன்று இருந்தது. உங்களுக்கு வந்ததேதான். மண்டையைத் திறந்து, கொப்புளத்தில் கிளிப் போட்டு அடைத்தார்கள். ஒரு பக்கம்தான் மழித்திருந்தார்கள். மறுபக்கத்தை நானே மழிக்கச் சொன்னேன். ஜெயந்த் கல்யாணத்தில் மொட்டைத் தலையோடு நின்று, பழனிக்கு நேர்ந்துகொண்டதாக ஊரெல்லாம் சொன்னேன். கல்யாண மாப்பிள்ளையாக வெளியூரிலிருந்து வந்த பெற்ற பிள்ளையிடமும் அதையே சொன்னேன். முருகன் பெயரில் பொய் சொன்ன பாவி நான்.

வீட்டில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அம்மாவுக்கு நெஞ்சுவலி என்றேன். அப்படித்தானே சொல்லி வைத்திருந்தீர்கள்! கோபம் வந்தது அண்ணே. ஆனால் அன்றைக்கே உங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தால், அம்மா விஷயம் தெரிந்த நீங்கள் ஓடிப்போய்ப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கண் தப்பியிருக்கும்.

நேற்று ஜெயந்திடம் சொன்னேன். "இன்னும் யாரு விழணும்னு காத்திருந்தம்மா?" என்றான். அவனும் பார்க்கப் போகிறான். கவிப்ரியாவிடம் நீங்கள் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

தங்கை
அபிராமி

மோதி பாக்
3.3.2024

அன்பு அபிராமிக்கு,

நேற்று கவிப்ரியாவும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். உன் கடிதம் மேஜையில் கிடந்தது. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தடுமாறுவாள் என்று உனக்குத் தெரியுமே. "அத்தை லெட்டரா? படிங்கப்பா" என்றாள்.

மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தார். படித்தேன். உன் மொட்டையைத் தாண்டினேன், அம்மாவைத் தாண்டினேன், என் கண்ணையும் தாண்டினேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை, பார்.

"அச்சா, அவ்ளோதானா? ரெண்டு பக்கம் இருக்கே" என்று சிரித்துக்கொண்டே வாங்கி, விரல் வைத்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கி, முதலிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தேன். கௌஹாத்தி கதையையும் சொன்னேன்.

மாப்பிள்ளை ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டார். கவிப்ரியாதான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"நான் அரை மணி தூரத்துல இருந்தேன்ப்பா. பன்னெண்டு நாளும். நீங்க செத்திருந்தா எனக்கு யாரு சொல்லியிருப்பா?"

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஸ்கேன். நானும் கூட வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன்
அழகர்சாமி