நிழல் காலடியில் விழுந்த படம்

செப். 15, திங்கள்
காலையிலிருந்து மேகம். பாஸ்போர்ட் சைஸுக்கு வந்த மூன்று பேரையும் உட்கார வைத்து வெயிலுக்குக் காத்திருந்தேன். ஒன்பதரைக்குத்தான் வந்தது. ஜன்னலில் இவருடைய பழைய வேட்டியைக் கட்டினேன், வெளிச்சம் முகத்தில் பதமாக விழும். ஸ்டுடியோ லைட் இரண்டும் பழுது. சரி செய்ய வேண்டும் (மூன்று மாதமாக எழுதுகிறேன்).
நாரணாபுரம் போர்மேன் வந்தார். என் வீட்டுக்காரர் மருந்து கலக்குகிற பட்டாசுக் கம்பெனி. அடையாள அட்டைக்கு அறுபது பேர் படம். "ஆளுக இங்கன வந்தா வேல கெட்டுப்போகும். நீயே வந்து எடுத்துரும்மா. பிளாஷ் மட்டும் கொண்டாராத."

செப். 17, புதன்
கம்பெனி கேட்டில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். செருப்பும் வெளியே. வெயிலை மட்டும் நம்பி வேலை. வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டேன். பெண்கள் முகமெல்லாம் அலுமினியப் பவுடர், கழுவியும் காதோரம் மினுக்குகிறது.
"எக்கா, எங்களக் கொஞ்சம் வெள்ளையாக் காட்டுங்க."
"வெள்ளியாவே இருக்கீக, இன்னும் என்ன?"
ஒரே சிரிப்பு. சாப்பாட்டுக்கு முன் எல்லாரையும் வெயிலில் நிறுத்திக் கடைசியாக ஒரு குரூப். ரசம் சாதம் தந்தார்கள். புளி அதிகம்.

செப். 20, சனி
லேபிலிருந்து பிரிண்ட் வந்தது. குரூப் படத்தில் எல்லார் நிழலும் காலடியிலேயே கிடக்கிறது. உச்சி வெயில். பின்னால் மருந்து அறைக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே இவர், கையில் சல்லடை.
சூட்டில் மருந்து பற்றிக்கொள்ளும், அதனால் வெயில் ஏறுமுன் கலந்து முடித்து அறையைப் பூட்டுவதுதான் முறை. "ஒம்பது மணிக்கெல்லாம் முடிச்சிருவோம்" என்று தினமும் என்னிடம் சொல்கிற மனிதர்.
சாயங்காலம் படத்தை இவர் முன்னால் வைத்தேன்.
"சீசன் புள்ள. ஆர்டர் அம்புட்டு கெடக்கு. தீவாளி வரைக்குந்தான். இருக்கன்குடி ஆத்தா பாத்துக்கிடுவா."
"அவ பாத்துக்கிடட்டும். நீங்க வெயிலப் பாருங்க."
சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். போகட்டும்.

செப். 22, திங்கள்
போர்மேன் மறுபடி. குரூப் படத்தில் கதவு தெரியாமல் வெட்டித் தர வேண்டுமாம். "நெகட்டிவையும் குடுத்துரும்மா. ஒம் புருசனும் அதுல இருக்கான்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நெகட்டிவ் லேபில் இருக்கிறது என்றேன். பொய். அரிசி டப்பாவில் இருக்கிறது.
விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு எழுதினால் கம்பெனியைப் பூட்டுவார்கள். அறுபது வீட்டுத் தீபாவளி. இவர் என்னோடு பேசவே மாட்டார்.
எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை. படம் ஒன்று உள்ளே வைத்து ஒட்டியாயிற்று.

அக். 1, புதன்
கவர் இன்னும் அரிசி டப்பாவில். இவர் நன்றாகப் பேசுகிறார், நேற்று பூ வாங்கி வந்தார். மதியம் பன்னிரண்டானால் எனக்குக் கை ஓடுவதில்லை. வாசலுக்குப் போய் என் நிழலைப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது. நாளை போட்டுவிட வேண்டும்.

அக். 8, புதன்
நல்ல வெயில். ஸ்டாம்பு ஒட்டிக் கவரோடு கிளம்பினேன். வாசலில் ஒரு குடும்பம், குழந்தைக்கு ஒரு வயது. "வெளிச்சம் நல்லா இருக்குல்லக்கா, எடுத்துருங்க." இருந்தது. சரி, எடுத்துவிட்டுத் தபாலில் போடலாம் என்று கவரை மேசையில் வைத்தேன்.
குழந்தை ஒரே அழுகை. கிலுகிலுப்பை ஆட்டி, ஜன்னல் வேட்டியை இறக்கி, ஏற்றி, பன்னிரண்டாகிவிட்டது. அப்புறம் சிரித்தது. அமுக்கினேன். அந்த நேரம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு சத்தம்.
தெருவில் ஓடுகிறார்கள்.
"எந்தக் கம்பெனிலே?"
"தெரியல. நாரணாபுரம் பக்கம் பொகை."
ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு ஓடலாம் என்றால் சாவியைக் காணோம். தேடின இடத்திலேயே மறுபடி தேடினேன், பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாவி கவருக்கு அடியில் இருக்கிறது.