பச்சைக் கட்டைவிரல் வைத்த கையுறை

மலையிலிருந்து வரும்போதெல்லாம் மூக்குத் தோல் உரிந்து வந்து நிற்கும் என் அப்பாவுக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். அது உங்களுக்கு இல்லை. இந்தக் காகிதம் தப்பித்தவறி வேறு யார் கையிலாவது கிடைத்தால், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடம். காட்டினால் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா, இன்று சாயங்காலம் கிரீஷ் அங்கிள் வந்தார். உங்களோடு வருஷா வருஷம் பனியாற்றை அளக்க இமயமலைக்கு வந்த அதே அங்கிள்தான். முன்பெல்லாம் அவருடைய ஸ்கூட்டர் காக்ஸ் டவுன் முனை திரும்பும்போதே, "காபி போடு, கன்னடக்காரன் வந்துட்டான்" என்பீர்கள். இப்போது அவருக்கு மைசூரில் வேலை. நாளைக் காலை டெல்லி ரயில், அங்கிருந்து மலைக்கு. அதனால் இன்றைக்கு நம் ஹாலில்தான் படுத்திருக்கிறார்.

அம்மா என்னை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னாள். நான் கதவிடுக்கில் நின்று கேட்டேன்.

"அத்திகே, போன வருஷம் போனப்போ இது கெடைச்சுது." அண்ணி என்பதை அவர் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வார். எதையோ டீப்பாயில் வைத்தார். "அவன் விழுந்த பிளவுக்குக் கொஞ்சம் கீழ. அங்க ஐஸ் ரொம்ப கரைஞ்சு எறங்கிடுச்சு. ஐஸை அளக்க நாங்க நட்ட மூங்கில் எல்லாம் சாஞ்சு கெடக்கு. இந்த தடவை தேடினா அவனே கெடைப்பான்னு தோணுது."

கிடைப்பீர்களா? நீங்கள்தான் மூன்று வருஷம் முன்பே சாம்பலாகி வந்துவிட்டீர்களே!

மலையிலேயே தகனம் செய்துவிட்டார்கள் என்று மாமா சொன்னார். அந்த வாரம் முழுக்க என்னை ஆனேக்கல்லில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது கலயம் தயாராக இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற வரைக்கும் அதை யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்திருந்தேன். துணி மேலே வாயை வைத்து, கணக்கில் கிளாஸில் நான்தான் முதல் என்று உங்களிடம் சொன்னேன். ஆற்றில் கரைக்கும்போது விரலில் ஒட்டியதைக் கழுவக்கூட மனசு வரவில்லை.

அம்மா இன்று சொன்னாள்: "தர்ப்பையில உருவம் பண்ணி எரிச்சு, எல்லாம் செஞ்சாச்சே கிரீஷ். காரியம் முடிஞ்ச மனுஷரை மறுபடி வாசல்ல கொண்டுவந்து போடுவீங்களா?"

"பாப்பாவுக்கு?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேணாம்."

அப்பா, நான் புல் சாம்பலோடு பேசியிருக்கிறேன். அன்று வண்டியில் கூட வந்த எல்லோருக்கும் அது தெரியும். மாமாவுக்கு, சித்திக்கு, முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு. என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

பிறகு அங்கிள், "இது அவனோடதான்னு பாருங்க. வீட்ல ஆமான்னு சொன்னாத்தான் கூட வர்றவங்களைத் தேடச் சொல்லிக் கேக்க முடியும். அளக்கிற வேலைக்கே நாள் பத்தாது" என்றார்.

டீப்பாயில் இருந்தது ஒற்றைக் கையுறை. அம்மா அதை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இல்ல. இது அவருது இல்ல. இவ்ளோ மட்டமாவா நான் பின்னுவேன்?"

அது உங்களுடையதுதான்! பழுப்பு நூல் தீர்ந்து, கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் அதே நிறம் கிடைக்காமல், கட்டைவிரலை மட்டும் பச்சையில் முடித்தாளே, அதுதான். "ஒரு விரலுக்கு மட்டும் லால்பாக் தோட்டமா?" என்று நீங்கள் கேட்டதற்கு அவள் நூல்கண்டால் அடித்தாளே. நிறம் வெளுத்திருக்கிறது. ஆனாலும் பச்சை பச்சைதான்.

"சரி அத்திகே. நீங்க சொன்னா சரி" என்றார் அங்கிள். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தக் கையுறையைக் காட்டி நீங்கள் அங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொள்ளாமலா இருந்திருப்பீர்கள்? திருப்பிக் கொடுக்கும்போது அம்மா அந்தக் கட்டைவிரலை மட்டும் உள்ளே மடக்கி வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள்? அதை நினைத்தால் அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

நீங்கள் மட்டும் என்ன? "கயிறு கட்டாம ஐஸ் மேல ஒரு அடி வைக்க மாட்டேன்" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னீர்கள். நீங்கள் விழுந்த அன்றைக்கு அளக்க ஒரே ஒரு மூங்கில்தான் பாக்கி இருந்ததாம். மேகம் இறங்குவதற்குள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கயிறில்லாமல் தனியாகப் போனீர்களாம். அதையும் இன்றுதான் கேட்டேன். அந்த மூங்கில் பெரிதா, நான் பெரிதா?

"நாங்க மலையில மூங்கில் தோட்டம் போட்டிருக்கோம், வருஷா வருஷம் வளருது" என்று சொல்வீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். மூங்கில் வளரவில்லை, அதைச் சுற்றி இருக்கிற பனிதான் கரைகிறது என்று பிறகு எனக்கு மட்டும் விளக்கினீர்கள். இப்படியே போனால் கீழே இருக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் ஏது என்று மணாலி எஸ்.டி.டி. பூத்திலிருந்துகூடப் புலம்பினீர்கள்.

அப்பா, இன்று சாமி படத்துக்கு முன்னால் நின்று, அது இன்னும் வேகமாகக் கரையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மன்னிப்பீர்களா? அப்படி வேண்டிக்கொண்டதே பயமாக இருக்கிறது. எந்த ஊர் காய்ந்தாலும் பரவாயில்லை, என் அப்பா வெளியே வரட்டும் என்று நினைத்துவிட்டேன்.

நான் ஒரு சத்தியம் செய்கிறேன். உங்கள் சத்தியம் மாதிரி இல்லை. அங்கிள் ரயிலுக்குக் கிளம்புவதற்குள் அவரிடம் போய், "அது என் அப்பாவுதுதான், தேடுங்க" என்று சொல்வேன். அம்மா அடித்தாலும் சொல்வேன். அவள் அழுதால்தான் என்ன செய்வேனோ தெரியவில்லை. அப்போதும் சொல்வேன்.

நீங்கள் ஏமாற்றியும் உங்களுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் ஒரே மகள்.

அப்பா, கதவு தட்டுகிறார்கள். "லைட்டு ஏன் எரியுது? தொறடி கதவ." அம்மாதான். ஹாலில் அங்கிள் இருமுகிறார். அவரும் விழித்துத்தான் இருக்கிறார். திறக்கப் போகிறேன். இரண்டு பேர் முன்னாலும் இப்போதே