டிராக்டர் சத்தத்தில் உங்கள் குரல்

அக்கா,

இன்று காலை எடிட்டிங் அறையில் ஹெட்போனை மாட்டியதும் முதலில் வந்தது உங்கள் செருமல்தான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் செருமுவீர்களே, அது. பிறகு, "ஆரம்பிக்கலாமா தம்பி?" என்று கேட்கிறீர்கள். நீங்கள் இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. உங்கள் குரலை மாற்றச் சொல்கிறவருக்கு இன்று நான் பதில் சொல்லியாக வேண்டும்.

கே.கே. நகர் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுகிறவராகத்தான் உங்களை முதலில் பார்த்தேன். வரிசையில் முந்தப் பார்த்த என்னை, "ஏன் தம்பி, இங்க இருக்கவுங்களுக்கெல்லாம் காய்ச்சல் இல்லையா?" என்று நிறுத்தி வைத்தீர்கள். காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தபோதே என் படத்துக்கு ஆள் கிடைத்துவிட்டதென்று தெரிந்தது. நடிக்க வாருங்கள் என்றதும், "எனக்கு எங்க நடிக்க வரும்? கத்தத்தான் வரும்" என்றீர்கள். அதுதான் வேண்டும் என்றேன்.

திருவாதவூர் வயலில் எடுத்த காட்சி நினைவிருக்கிறதா? சொத்தில் பங்கு வேண்டாமென்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லும் தம்பியிடம், முடியாது என்று அக்கா வரப்பில் நின்று சொல்ல வேண்டும். பாதி வசனத்தில் ஒரு டிராக்டர் வந்தது. வேறு யாராக இருந்தாலும் கேமராவைப் பார்த்திருப்பார்கள். நீங்கள் திரும்பி, "அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க! பேசிக்கிட்டு இருக்கோம்ல!" என்று ஒரு சத்தம் போட்டீர்கள். வண்டி நின்றது, இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. அதே கோபத்தோடு தம்பியாக நடித்தவர் பக்கம் திரும்பி, "நீ என்னடா முழிக்கிற? கையெழுத்துப் போட மாட்டேன். போயி வேலையப் பாரு" என்றீர்கள். அவர் நிஜமாகவே முழித்தார். நான் கட் சொல்ல மறந்து நின்றேன்.

டப்பிங் பேச நாள் குறித்திருந்தோம். அதற்குள் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. படப்பிடிப்பின்போது பதிவான குரல்தான் மிச்சம்.

படத்தை வாங்க வந்த சென்னைக் கம்பெனிக்காரர் நல்ல மனிதர்தான். "படம் பிரமாதம் சார். அந்த அம்மா வாய்ஸ மட்டும் வேற ஆள வச்சு மாத்திடுங்க. ஒரே டிராக்டர் சத்தம். பேச்சும் ரொம்ப ஊர்ப்பேச்சா இருக்கு" என்றார். மாற்றினால் தியேட்டர். இல்லையென்றால் என் இத்தனை வருட உழைப்பும் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்க வேண்டியதுதான். பொய் சொல்லவில்லை அக்கா, ஒரு டப்பிங் கலைஞரை வரவழைத்துப் பேச வைத்துப் பார்த்தேன். சுத்தமான குரல். உங்கள் வாய் அசைந்தது, பேசியது வேறு யாரோ. பாதியிலேயே போதும் என்றுவிட்டேன்.

போன ஞாயிறு விளாங்குடியில், உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் படத்தைப் போட்டேன். டிராக்டர் சத்தத்தோடும் செருமலோடும்தான். நீங்கள் அதட்டியதும் மண்டபமே சிரித்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் கைதட்டியது. உங்கள் மகள் மட்டும், "அம்மா வீட்டுலயும் இப்படித்தாண்ணே" என்று அழுதாள். உங்கள் பேச்சு இங்கே எல்லோருக்கும் புரிந்தது. புரியாதவர்கள் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

சற்றுமுன் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். "என்ன சார், வாய்ஸ் மாத்தியாச்சா?" என்று ஆரம்பித்து நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். எனக்கென்று வசனம் எழுத நேரமில்லை. உங்களுடையதையே எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க. அக்கா பேசிக்கிட்டு இருக்காங்கல்ல!"