யுவஸ்ரீக்குப் பருத்திப்பால்

திருச்செங்கோடு
9.2.2025

அன்புத் தம்பி தமிழரசுக்கு,

ஓமலூரில் நீயும் உன் வீட்டுக்காரி ஜீவாவும் மகள் கனிஷ்காவும் சுகந்தானே? இங்கே என் மகள் யுவஸ்ரீக்குப் பிள்ளை பிறந்து பதினைந்து நாளாகியும் பால் போதவில்லை. பருத்திப்பால் ஆட்டிக் கொடு என்கிறார்கள். வழக்கம்போல் உனக்கும் ஒரு பை பருத்திக்கொட்டை பஸ்ஸில் போட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். உன் விதைக்கடையிலிருந்து இரண்டு வருஷமாகப் பில் இல்லாமல் கொடுக்கிறாயே, அரசாங்கம் அனுமதிக்காத மரபணு மாற்றிய விதை, அதில் விளைந்த கொட்டைதான் இது. புல் மருந்து அடித்தால் காட்டில் எல்லாம் கருகுகிறது, பருத்தி மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கிறது. களைவெட்ட வந்த பாப்பாயி கேட்கிறாள்: "ஏனுங்க அம்மிணி, அத்தன மருந்தையும் குடிச்சுப்போட்டு நிக்கிற செடிங்க. அந்தக் கொட்டையப் பச்ச ஒடம்புக்காரிக்குக் குடுக்கலாமுங்களா?"

உன்னைத்தான் கேட்க வேண்டும். விதைப் பேச்சைப் போனில் எடுக்காதே என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். நீ சரி என்றால்தான் கொடுப்பேன்.

உன் அக்கா
வசந்தாமணி

ஓமலூர்
13.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாயி எந்தக் காலேஜில் படித்தாள்? கண்டவர் பேச்சையும் கேட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே. நம் வீட்டிலும் நீ அனுப்பும் கொட்டையில்தான் பருத்திப்பால். கனிஷ்கா கருப்பட்டி போட்டு இரண்டு டம்ளர் குடிக்கிறாள். யுவஸ்ரீக்குத் தைரியமாகக் கொடு. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் தம்பி
தமிழரசு

திருச்செங்கோடு
2.3.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. தினமும் காலையில் ஆட்டிக் கொடுக்கிறேன். யுவஸ்ரீ மூக்கைச் சுளித்தால், "மாமனே சொல்லிப்போட்டாரு, குடி சாமி" என்பேன். இப்போது பால் நன்றாக ஊறுகிறது. பேரன் வயிறு நிறைந்து தூங்குகிறான்.

உன் அக்கா
வசந்தாமணி

திருச்செங்கோடு
21.3.2025

தமிழரசுக்கு,

போன திங்கட்கிழமை சேலம் வந்தவள் உன் வீட்டிலும் எட்டிப் பார்த்தேன். நீ லோடு இறக்கப் போயிருந்தாய். ஜீவா பருத்திப்பால் கொடுத்தாள். நம் தோட்டத்துக் கொட்டைதானே என்றேன்.

"இல்லீங்க, இது கோயில்பட்டியில இருந்து வரவெக்கிற நாட்டுப் பருத்திங்க. நீங்க அனுப்புறதக் கனிஷ்கா வாயில வெக்கவே கூடாதுன்னு அவரு போன வருசமே சொல்லிப்போட்டாருங்க" என்றாள். கள்ளமில்லாமல்தான் சொன்னாள். டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்தக் கொட்டையில் கெடுதல் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாததால்தான் உன் பிள்ளைக்கு நீ கொடுக்கவில்லை. என் பிள்ளைக்கு மட்டும் கொடு என்றாய்.

பேரன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அவன் தும்மினாலும் எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். பருத்திப்பாலை ஏன் நிறுத்தினாய் என்று யுவஸ்ரீ கேட்கிறாள். கொட்டை தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குத் தொட்டில் போடுகிறோம். பிறந்த வீட்டுச் சீர் என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே. வாசலில் உன்னைப் பார்த்துவிட்டால், பழக்கத்தில் "வா சாமி" என்று கூப்பிட்டுவிடுவேன்.

வசந்தாமணி