நூற்றுப் பதினேழாம் வில்லை

டன்னர் க்ரீக், பென்சில்வேனியா
1909 நவம்பர் 16

என் அன்பு மகள் லெனோராவுக்கு,

மேலே படிக்கும் முன் உட்கார்ந்துகொள். கையெழுத்து என்னுடையதுதான். நான் உயிரோடு இருக்கிறேன்.

சுரங்கம் வெடித்து இறந்த முப்பத்தொன்பது பேரில் என் பெயரையும் பத்திரிகையில் பார்த்திருப்பாய். "வர வேண்டாம், கடிதம் வரும்" என்று அம்மா உனக்குத் தந்தி அடித்ததும் அதனால்தான். நீ வந்தால் மாடிக்கு ஏறுவாய். மாடியில் நான் இருக்கிறேன்.

உன் தோழி ரோடாவின் கணவன் எம்லினுக்கு மேஸ்திரியோடு சண்டை, வேலை போய்விட்டது. ஒஹையோவுக்கு வேலை தேடிப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு, வழிச்செலவுக்கு ஒரு வாரக் கூலியாவது வேண்டும் என்று நம் கொட்டகையில் வந்து படுத்துக்கொண்டான். எனக்கோ காய்ச்சல். "மாமா, ஒரு வாரத்துக்கு உங்க நம்பர் போட்ட வில்லையக் குடுங்க. விளக்கறையில வெளக்கு வாங்கறப்ப எவன் மூஞ்சியப் பாக்கிறான்? பித்தளையத்தான பாக்கிறான்," என்றான். கொடுத்தேன்.

புதன்கிழமை வெடித்தது. விளக்கறையில் வில்லைகளை மாட்டிவைக்கும் பலகையில் 117-ஆம் ஆணி, என் ஆணி, வெறுமையாக இருந்தது. மேலே வந்த உடல்களுக்கு முகம் மிஞ்சவில்லை. இடுப்பு வில்லையைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். உள்ளே எம்லினைப் பார்த்தவர்களும் அவனோடே போய்விட்டார்கள்.

கம்பெனி ஆள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றபோது, வில்லையை இரவல் கொடுத்தது தெரிந்துவிட்டது, வீட்டை விட்டுத் துரத்தப் போகிறார்கள் என்று அம்மா பயந்து வாயைத் திறக்கவில்லை. அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். "நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேங்க," என்கிறாள் இப்போது. மறுநாள் காலையில் சவப்பெட்டி வந்துவிட்டது.

என் சவ ஊர்வலத்தைத் திரை ஓரமாக நின்று பார்த்தேன். தேவாலயப் பாடகர்கள் நன்றாகவே பாடினார்கள். உயிரோடு இருந்தவரை என்னை அவர்கள் பக்கத்திலேயே சேர்த்ததில்லை. ரோடா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மழையில் பின்னால் நடந்தாள். இது அவளுக்கு ஏழாம் மாதம்.

சுரங்கத்துக்குப் போக இனி ஆள் இல்லை என்பதால் டிசம்பர் கடைசிக்குள் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாங்கள் உன்னிடம் வந்துவிடட்டுமா? என்னை உன் பெரியப்பா என்று சொல்லிக்கொள். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

உன் அப்பா,
இட்ரிஸ் ப்ரோதரோ


ஆர்டன், ஒஹையோ
நவம்பர் 20

என் அப்பாவுக்கு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நம்ப முடியாதபோதெல்லாம் எடுத்து உங்கள் கையெழுத்தைப் பார்க்கிறேன்.

என் வகுப்புப் பிள்ளைகள் மேசைமேல் பூ வைத்திருந்தார்கள். தலைமையாசிரியை எல்லார் முன்னிலும் என் கையைப் பிடித்து, "உன் அப்பா சுரங்கத்தில் உழைத்து உன்னைப் படிக்கவைத்தார்," என்றார். நான்கு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியுமே. அன்று அது நல்லதாகப் போயிற்று. உங்கள் கடிதம் அப்போது என் பையில் இருந்தது. அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தாராளமாக வாருங்கள். என் அறை சிறியது, அதனால் என்ன.

ஆனால் நேற்று ரோடாவிடமிருந்தும் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய அதே கோணல் எழுத்து. "லெனி, உங்கப்பா போனதுக்கு எப்படி ஆறுதல் சொல்றதுன்னு தெரியலடி. நானும் ஒரு பிடி மண்ணு போட்டேன். எங்க வீட்டுக்காரரு அங்க ஒஹையோ பக்கம்தான் போயிருக்காரு. ஒரு வரி கூட எழுதல. ரோசக்காரரு, வேலை கெடைக்காம எழுத மாட்டாரு. எங்கயாவது கண்ணுல பட்டா, புள்ள ஜனவரியில வந்துரும்னு மட்டும் சொல்லு."

அவள் யாருக்கு மண் போட்டாள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பேனாவை எடுத்து மூன்று முறை கீழே வைத்துவிட்டேன். அவளுக்கு நான் என்ன எழுதுவது அப்பா?

அன்புடன்,
லெனோரா


டன்னர் க்ரீக்
நவம்பர் 25

அன்பு லெனோராவுக்கு,

நீ கேட்டதைத்தான் நான்கு நாளாக யோசிக்கிறேன். ரோடாவைப் பொறுத்தவரை எம்லின் ஒஹையோவில் ஏதோ ஒரு தெருவில் நடந்துகொண்டிருக்கிறான். நான் எழுந்து வெளியே போனால் அந்த நிமிஷம் அவன் செத்துப்போவான். நான் படுத்தே கிடக்கும்வரை அவன் நடப்பான். இதை நினைத்தால் எழ முடியவில்லை.

இன்னொன்று. சொன்னால் பயப்படாதே. எனக்குப் பசிப்பதில்லை. சவரம் செய்யக் கண்ணாடி கேட்டேன், எடுத்து வர அம்மா மறந்துகொண்டே இருக்கிறாள். நேற்று கீழே பக்கத்து வீட்டுக்காரியிடம், "அவருக்கு உப்புக்கண்டமும் முட்டைக்கோசும்னா உயிரு," என்று சொல்லி அழுதாள். பொய் அழுகை இல்லை லெனோரா, இருபத்தேழு வருஷமாக அவள் அழுகை எனக்குத் தெரியும். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். கட்டிலில் என்னைப் பார்த்ததும் தட்டை நழுவவிட்டாள், விழுந்து உடைந்தது.

"என்னடி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நீங்க இருக்கீங்கன்னு மறந்துட்டேன்."

இருவரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

அப்பா


ஆர்டன்
நவம்பர் 29

அப்பா,

தட்டு உடைந்ததைப் படித்த பிறகு இரண்டு இரவாக நான் தூங்கவில்லை. அம்மா உங்களை உண்மையாகவே புதைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு மாதம் போனால் நீங்களும் அவளுக்குக் கைகொடுப்பீர்கள்.

உங்களை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். நீங்கள் என்னோடு இங்கே பெரியப்பாவாக இருந்து வயதாகி இன்னொரு முறை செத்துப்போகலாம். அதுவரை ரோடா ஒவ்வொரு ரயிலுக்கும் போய் நிற்பாள், கையில் பிள்ளையோடு. என்னால் அவளுக்கு "பார்த்தால் சொல்கிறேன்" என்று எழுத முடியாது.

நீங்கள் போய்ச் சொல்லுங்கள். பகலில், தெரு வழியாக நடந்து போங்கள். அடுத்த சனிக்கிழமைவரை பார்ப்பேன். அதற்குள் சொல்லாவிட்டால் நானே அவளுக்கு எழுதிவிடுவேன். தாளில் படித்து அவள் தெரிந்துகொள்ள வேண்டாம் அப்பா. வீடு போனால் போகட்டும். எனக்குச் சம்பளம் வருகிறது.

என்மேல் கோபப்பட்டால்கூடச் சந்தோஷப்படுவேன். கோபப்பட உயிரோடு ஓர் ஆள் வேண்டுமே.

லெனோரா


டன்னர் க்ரீக்
டிசம்பர் 3, வெள்ளி, பிற்பகல்

லெனோராவுக்கு,

போனேன்.

பத்து மணி வெயிலில் தெருவில் இறங்கினேன். யாரும் எதிரில் வரவில்லை. ரோடாதான் கதவைத் திறந்தாள். கத்தவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்க செத்துட்டீங்க," என்றாள். குழந்தைக்குச் சொல்வது போல அவ்வளவு மெதுவாக.

"இல்லம்மா. நான் இட்ரிஸ்தான். கையத் தொட்டுப் பாரு."

"நானே மண்ணு போட்டேன் மாமா. புள்ளத்தாச்சி வீட்டுக்கு இப்படியெல்லாம் வரக்கூடாது. திரும்பிப் போங்க, உங்களுக்காக வேண்டிக்கிறேன்." கதவைச் சாத்திவிட்டாள்.

ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பி எங்கே போவது என்று கல்லறைப் பக்கம் பார்த்தேன். பிறகு கதவில் வாயை வைத்துச் சொன்னேன். "அவன் ஒஹையோவுக்குப் போகலம்மா. என் வில்லையோட சுரங்கத்துக்குள்ள போனான். குளிருதுன்னு உன் சாம்பல் நெறச் சால்வையக் கழுத்துல சுத்திக்கிட்டுப் போனான். அத உங்கிட்டச் சொல்லாம எடுத்துட்டு வந்தேன்னு சிரிச்சான்."

உள்ளே காலடிச் சத்தம். சால்வையைத் தேடியிருப்பாள். பெட்டி திறந்து மூடுவது கேட்டது. அப்புறம் வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

அதைக் கேட்டுத்தான் தெருக் கதவுகள் திறந்தன. பெண்கள் கறுப்பு உடையில் வெளியே வந்து என்னைப் பார்த்தார்கள். திட்டுவார்கள், கல்லெறிவார்கள் என்று நினைத்தேன். யாரும் அப்படிச் செய்யவில்லை. மூன்றாம் வீட்டு மார்வென் அம்மாள், ஒரே மகனைப் பறிகொடுத்தவள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப எம்மவன் யார் வீட்டு மாடியில இருக்கான் இட்ரிஸ்?"

அந்தப் பதிலுக்காகத்தான் எல்லாரும் நின்றார்கள். வில்லை ஒன்று பொய் என்றால் எல்லாமே பொய்யாக இருக்கலாமே. எவருமே முகத்தைப் பார்க்கவில்லையே.

அவள் கையிலிருந்து சட்டையை விடுவித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தாழ் போட்டுவிட்டேன். பின்னாலேயே வந்துவிட்டார்கள். இதை எழுதும்போது சன்னலுக்குக் கீழே நிற்கிறார்கள், முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும். கல்லறைகளைத் தோண்டிப் பார்க்க இரண்டு பேர் மண்வெட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். நாற்காலி கொண்டுவந்து ரோடாவை முன்வரிசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். அவள் மட்டும்தான் தலையைக் குனிந்திருக்கிறாள். மற்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்த முகங்களில் கோபம் இருந்தால் தேவலை. சந்தோஷம் இருக்கிறது.

நீ செய்யச் சொன்னது சரிதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எம்லின் ஒருவன் சாக நான் எழுந்தேன் என்று நினைத்தேன். இப்போது இந்த முப்பத்தெட்டு பேரும் உயிரோடு எழுந்துவிட்டார்கள். ஒவ்வொருவனையும் நான் என் வாயால் திரும்பச் சாகடிக்க வேண்டும்.

ரோடாவுக்கு இனி நீ எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. இங்கே வரவும் வேண்டாம்.

பின்வழியாகப் போய்விடலாம் என்று அம்மா சொன்னாள். வேண்டாம் என்றேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு நான் கீழே இறங்குகிறேன். மார்வென் அம்மாளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உன் அப்பா